எலிசாவின் கரடிகளும் ஒரு பழைய வழக்கும்

பழைய ஏற்பாட்டின் கடவுள் கோபக்காரர், புதிய ஏற்பாட்டின் கடவுள் அன்பானவர். இந்தப் பேச்சை ஆலயத்து வாலிபர் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். கடவுள் நம்பிக்கையே இல்லாத நண்பர்கள் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் இது தங்கள் சொந்த எண்ணம் என்றே நினைக்கிறார்கள். ஆனால் இதற்கு ஏறக்குறைய 1,900 வயதாகிறது. இதை முதன்முதலில் ஒரு முழுக் கொள்கையாகக் கட்டி எழுப்பியவர், கருங்கடல் கரையில் உள்ள சினோப்பே ஊரிலிருந்து ரோமாபுரிக்கு வந்த கப்பல் வணிகர் மார்சியோன்.

வசதியான மனிதர். ரோமச் சபையில் சேர்ந்தபோது 2,00,000 செஸ்டெர்ஸ் (ரோம நாணயம்) காணிக்கை கொடுத்தார் என்று ஆதிச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதி வைத்திருக்கிறார். மார்சியோனின் வாதம் எளிமையானது, அதனாலேயே பலமானது. உலகைப் படைத்து, சட்டம் வகுத்து, தண்டனை கொடுக்கிற யூதர்களின் கடவுள் ஒருவர். இயேசு வெளிப்படுத்திய, அதுவரை யாருக்கும் தெரியாத அன்பின் கடவுள் வேறொருவர். அப்படியானால் பழைய ஏற்பாடு எனப்படும் யூதர்களின் மறைநூல் கிறிஸ்தவர்களுக்கு எதற்கு? முழுவதையும் விலக்கிவிட்டு, லூக்கா நற்செய்தியின் சுருங்கிய வடிவம் ஒன்றையும் பவுலின் பத்துக் கடிதங்களையும் மட்டும் அவர் வேதமாக வைத்துக்கொண்டார். அவருடைய நற்செய்தியில் பெத்லகேம் இல்லை, தொழுவம் இல்லை, தாவீதின் வம்சம் இல்லை. ரோமப் பேரரசன் திபேரியு இராயனின் பதினைந்தாம் ஆண்டில் இயேசு நேராகக் கப்பர்நகூமுக்கு இறங்கி வருகிறார்.

144-இல் ரோமச் சபை அவரை விலக்கியது. காணிக்கையையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. அவரைப் பின்பற்றியவர்கள் அதோடு ஓய்ந்துவிடவில்லை. தமஸ்குவுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் மார்சியோனியரின் கூடம் ஒன்று இருந்ததை 318-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று காட்டுகிறது.

ரோமச் சபை அன்று எடுத்த முடிவு, கிறிஸ்தவம் எடுத்த மிகப் பெரிய முடிவுகளில் ஒன்று என்பது என் உறுதியான எண்ணம். யூத மறைநூலைக் கழித்துவிட்டால் இயேசுவின் வாயில் மிஞ்சும் சொற்கள் மிகக் குறைவு. நாசரேத்து ஜெப ஆலயத்தில் அவர் எழுந்து நின்று வாசித்தது ஏசாயா. சிலுவையில் அவர் எழுப்பிய "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற ஓலம் 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. அன்பின் கட்டளை என்று நாம் சுவரில் மாட்டி வைத்திருக்கிறோமே, "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக", அது இருப்பது லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில்.

அந்த அதிகாரத்தை ஒருமுறை முழுதாக வாசித்துப் பாருங்கள். அறுவடையின்போது வயலின் ஓரத்தை முற்றாக அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும். உதிர்ந்த திராட்சையைப் பொறுக்கக்கூடாது. கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன் கையில் தங்கக்கூடாது. செவிடனைச் சபிக்காதே, குருடனின் வழியில் தடை வைக்காதே. நியாயத்தீர்ப்பில் ஏழைக்காகவும் வளையாதே, பெரியவனுக்காகவும் வளையாதே. உங்களிடம் தங்கும் அந்நியனை உன்னைப்போல் நேசி, நீங்களும் எகிப்தில் அந்நியராய் இருந்தவர்கள்தானே. கோபக்காரக் கடவுளின் சட்டம் என்று ஒதுக்கப்படுகிற புத்தகம் இது. கூலியை அன்றன்றைக்கே கொடு என்ற ஒரு வரிக்காகவே இதைக் கையில் வைத்துக்கொள்வேன்.

வெட்ட நினைப்பவர்களாலும் முழுதாக வெட்ட முடிவதில்லை. சட்டைப் பையில் அடங்கும் சிறிய புதிய ஏற்பாடுகளைப் பார்த்திருப்பீர்கள். இடமில்லாத அந்தப் புத்தகத்திலும் கடைசியில் சங்கீதங்களைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். மருத்துவமனைக் கட்டிலருகிலும் கல்லறைத் தோட்டத்திலும் நமக்குத் தேவைப்படுவது அந்த யூத ஜெபங்கள்தான்.

ஆனாலும் மார்சியோனை அறிவில்லாதவர் என்று தள்ளிவிட முடியாது. அவர் சுட்டிய இடங்கள் உண்மையிலேயே முள்ளாகக் குத்துபவை. இரண்டாம் ராஜாக்கள் 2-ஆம் அதிகாரத்தில் பெத்தேலுக்குப் போகும் வழியில் பிள்ளைகள் தீர்க்கதரிசி எலிசாவை "மொட்டைத்தலையா, ஏறிப்போ" என்று கேலி செய்கிறார்கள். அவர் கர்த்தருடைய நாமத்தில் சபிக்கிறார். காட்டிலிருந்து இரண்டு கரடிகள் புறப்பட்டு வந்து 42 பிள்ளைகளைப் பீறிப்போடுகின்றன. அந்தக் கடவுள் பிள்ளைகள்மீது கரடியை அனுப்புகிறார், இயேசுவோ பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடுங்கள் என்கிறார், இருவரும் ஒருவரா என்று கேட்டார் மார்சியோன். ஞாயிறு பள்ளியில் ஒரு சிறுமி கேட்கக்கூடிய அதே கேள்வி. "பெரியவர்களைக் கேலி செய்யக்கூடாது" என்று அதற்குப் பதில் சொல்லி நகர்கிற ஆசிரியர்மீது எனக்குக் கோபம் வரும்.

யூதர்கள் இதே கதையை என்ன செய்தார்கள் என்று தேடிப் போனபோதுதான் எனக்குள் ஏதோ திறந்துகொண்டது. யூத மரபின் பெருந்தொகுப்பான தல்மூத்தின் சோத்தா பகுதியில் ரபிகள் எனப்படும் மறை ஆசான்கள் எலிசாவின் நோய்களைப் பற்றிப் பேசுகிறார்கள். அவருக்கு வந்த நோய்களில் ஒன்று, பிள்ளைகள்மேல் கரடிகளை ஏவிவிட்டதற்காக வந்தது என்கிறார்கள். தீர்க்கதரிசிதான், அற்புதம் செய்தவர்தான், இருந்தும் அவர் செய்தது தவறு, அதற்குத் தண்டனை உண்டு. தம் ஊழியன் கேயாசியை இரண்டு கைகளாலும் தள்ளிவிட்டதற்காக இன்னொரு நோய் என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். புத்தகத்திலிருந்து ஒரு எழுத்தையும் அவர்கள் எடுக்கவில்லை. அதற்குள்ளேயே நின்றுகொண்டு தீர்க்கதரிசியின்மேல் வழக்குத் தொடுத்தார்கள்.

இன்னும் கடினமான இடம் முதலாம் சாமுவேல் 15. இஸ்ரவேலின் பகைவரான அமலேக்கியரில் குழந்தைகளையும் விடாமல் அழித்துப்போடு என்று அரசன் சவுலுக்குக் கட்டளை வருகிறது. இதை எப்படி வாசிப்பது என்று எந்தப் போதகரைக் கேட்டாலும் முகம் சுருங்கும். தல்மூத்தின் யோமா பகுதி, கட்டளையைக் கேட்ட சவுல் கடவுளிடமே வாதாடியதாகச் சொல்கிறது. வயல்வெளியில் கொலையுண்டு கிடக்கும் ஒரே ஒரு மனிதனுக்காக ஒரு கிடாரியைக் கொண்டு பரிகாரம் செய்யச் சொல்கிறது உமது சட்டம், இத்தனை உயிர்களுக்கு எவ்வளவு வேண்டும்? மனிதர்கள் பாவம் செய்தார்கள் என்றால் மிருகங்கள் என்ன செய்தன? பெரியவர்கள் பாவம் செய்தார்கள் என்றால் குழந்தைகள் என்ன செய்தன? மிதமிஞ்சிய நீதிமானாய் இராதே என்று வானத்திலிருந்து ஒரு குரல் அவனை அடக்குவதாக அந்தக் கதை போகிறது. அந்தப் பதில் எனக்கு நிம்மதி தரவில்லை. அந்தக் கதையைச் சொன்ன ரபிகளுக்கும் தந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி மறைநூலின் பக்கத்திலேயே நிரந்தரமாக எழுதி வைக்கப்பட்டுவிட்டது. மார்சியோனின் கேள்வியும் அதுவேதான். அவர் புத்தகத்தை வீசிவிட்டுக் கேட்டார், இவர்கள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

இன்னொரு வகை வெட்டும் உண்டு. அது நம் சபைகளில் சத்தமில்லாமல் நடக்கிறது. லேவியராகமத்தின் பலிகள், தூபம், விளக்கு, தீட்டு, ஆசாரியரின் உடை என்று வந்ததும் பக்கங்களைப் புரட்டிக் கடந்துவிடுகிறோம். தமிழில் இந்தப் பக்கங்களைக் கூர்ந்து வாசித்து வைத்திருந்தவர் ஒரு சைவர். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பெர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பில் துணை நின்றவர். பிறகு 1854-இல் சைவ தூஷண பரிகாரம் என்ற நூலை வெளியிட்டார். கோயில் வழிபாட்டையும் சடங்கையும் பழித்துப் பேசிய மிஷனரிகளுக்கு அவர்களுடைய வேதத்திலிருந்தே வசனம் எடுத்து அடுக்கினார். உங்கள் கடவுளே ஆலயமும் பலியும் விளக்கும் தூபமும் தீட்டு விதிகளும் கட்டளையிட்டிருக்கிறாரே, எங்களுடையது மட்டும் எப்படி அஞ்ஞானமாகும் என்பது அவர் கேள்வியின் சாரம். அந்தச் சட்டமெல்லாம் கிறிஸ்துவோடு முடிந்துவிட்டது என்பது மிஷனரிகளின் வழக்கமான பதில். ஆனால் பொருளற்றது என்று ஒருவரைப் பார்த்துச் சொல்வதும், நிறைவேறி முடிந்தது என்று தன்னுடையதைப் பற்றிச் சொல்வதும் ஒன்றல்ல. நாவலர் அந்த இடைவெளியைச் சரியாகப் பிடித்தார். கிறிஸ்தவர்களான நாம் அவருக்கு இன்னும் நேர்மையான பதில் ஒன்றைக் கடன்பட்டிருக்கிறோம்.

சரி, புத்தகத்தை வைத்துக்கொண்டாயிற்று. எப்படி வைத்துக்கொண்டார்கள் என்பது அடுத்த கேள்வி. என்னை அதிகம் வதைப்பது அதுதான்.

மார்சியோனுக்குச் சற்றுப் பிந்தி, சர்தை பட்டணத்தில் மெலித்தோ என்ற ஆயர் இருந்தார். வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் ஏழு சபைகளில் ஒன்று அந்த ஊர். ஒனேசிமு என்ற சகோதரர் அவரிடம் பழைய நூல்கள் எத்தனை, எந்த வரிசையில் என்று திருத்தமாகத் தெரிய வேண்டும் என்று கேட்டிருந்தார். மெலித்தோ கிழக்கே, இந்தக் காரியங்கள் நடந்த இடத்துக்கே பயணம் போய் விசாரித்து ஒரு பட்டியல் கொண்டுவந்தார். அந்தக் கடிதத்தை ஆதிச் சபையின் வரலாற்றாசிரியர் யூசேபியஸ் தம் திருச்சபை வரலாற்றில் பாதுகாத்திருக்கிறார். பழைய ஏற்பாட்டு நூல்களுக்குக் கிறிஸ்தவர் ஒருவர் தந்த பட்டியல்களில் நம் கைக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையது அது. அதில் எஸ்தர் இல்லை.

சர்தையில் யூதர்கள் இல்லாமலில்லை. இயேசுவின் காலத்துக்கு முன்பிருந்தே அங்கே யூதச் சமூகம் இருந்தது. 1962-இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட சர்தை ஜெப ஆலயம் மெலித்தோவுக்குப் பிற்காலத்தது. ஏறக்குறைய ஆயிரம் பேர் கூடக்கூடிய மண்டபம் அது. அந்தச் சமூகத்தின் செல்வாக்கை அதன் கற்கள் இன்றும் சொல்கின்றன. பட்டியலைக் கேட்க மெலித்தோவுக்கு அடுத்த தெருவே போதுமாயிருந்திருக்கும்.

இதே மெலித்தோ, எகிப்திலிருந்து பெற்ற விடுதலையை நினைவுகூரும் பஸ்காப் பண்டிகையைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். நீண்ட காலம் காணாமல் போயிருந்து, பப்பைரஸ் ஏடுகளிலிருந்து 1940-இல் அச்சேறியது. யாத்திராகமத்தின் ஆட்டுக்குட்டியைக் கிறிஸ்துவாகக் காணும் அழகான மொழி அதில் இருக்கிறது. அப்படியே போய், கடவுள் கொலை செய்யப்பட்டார், கொன்றது இஸ்ரவேலின் கை என்று அது முழங்குகிறது. யூதர்களைக் கடவுளைக் கொன்றவர்கள் என்று குற்றம் சாட்டும் பிரசங்கங்களில் நமக்குக் கிடைப்பவற்றுள் மிகப் பழையவற்றில் அதுவும் ஒன்று. யூதர்களின் நூல்களைத் தேடி அவ்வளவு தூரம் நடந்த கால்களும், யூதர்கள்மேல் அந்தப் பழியைப் போட்ட நாவும் ஒரே மனிதருடையவை. மார்சியோன் புத்தகத்தை அதன் மக்களிடமே விட்டுவிட்டுப் போனார். மெலித்தோவோ புத்தகத்தை எடுத்துக்கொண்டு அந்த மக்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். இரண்டாவது தவறுதான் பல நூற்றாண்டுகள் பிரசங்க மேடைகளில் நிலைத்தது.

நூல்களின் வரிசையிலும் இந்த உரிமைக் கோரிக்கை தெரிகிறது. யூதர்களின் 24 நூல்களும் புராட்டஸ்டண்ட் பழைய ஏற்பாட்டின் 39 நூல்களும் உள்ளடக்கத்தில் ஒன்றுதான். பிரிக்கும் முறையும் அடுக்கும் முறையும்தான் வேறு. நம்முடையது மல்கியாவில் முடிகிறது. எலியா வருவான் என்று சொல்லிவிட்டுப் பக்கம் நின்றுபோகிறது, திருப்பினால் மத்தேயு. யூதர்களின் வழக்கமான வரிசை நாளாகமத்தில் முடிகிறது. பாரசீக மன்னன் கோரேஸ், எருசலேமில் ஆலயம் கட்டும்படி, கர்த்தருடைய ஜனத்தில் எவன் இருக்கிறானோ அவன் புறப்பட்டுப் போகட்டும் என்று ஆணையிடுவதுதான் அங்கே கடைசி வார்த்தை. ஒன்று வரப்போகிறவருக்காகக் காத்திருக்கும் முடிவு, மற்றது வீடு திரும்பும் முடிவு. நம் வரிசை பொய் என்று நான் சொல்ல வரவில்லை, என் விசுவாசம் அந்த வரிசையில்தான் நிற்கிறது. ஆனால் அந்த நூல்களுக்கு முற்றுப்பெற்ற இன்னொரு வாழ்வு உண்டு, அது நமக்காக எழுதப்பட்ட முன்னுரையாக மட்டும் இருந்ததில்லை என்பதை ஒவ்வொரு விசுவாசியும் அறிந்திருக்க வேண்டும்.

இந்த இரண்டு தவறுகளும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஜெர்மனி காட்டியது. 1921-இல் ஜெர்மானிய இறையியலாளர் அடால்ஃப் ஹார்னாக் மார்சியோனைப் பற்றித் தம் பெரிய நூலை வெளியிட்டார். இரண்டாம் நூற்றாண்டில் பழைய ஏற்பாட்டைத் தள்ளியிருந்தால் அது தவறு, பதினாறாம் நூற்றாண்டில் அதை வைத்துக்கொண்டது தவிர்க்க முடியாத விதி, பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பிறகும் புராட்டஸ்டண்டுகள் அதை வேதமாகவே வைத்திருப்பது சபையின் முடக்குவாதம் என்று எழுதினார். ஹார்னாக் நாஜி அல்ல, 1930-இல் இறந்துவிட்டார். ஆனால் அந்த வாதம் அவரோடு இறக்கவில்லை. 1933 நவம்பர் 13-ஆம் தேதி பெர்லின் விளையாட்டு அரங்கில் ஏறக்குறைய 20,000 பேர் முன்னிலையில், நாஜி ஆதரவு "ஜெர்மன் கிறிஸ்தவர்" இயக்கத்தின் ரைன்ஹோல்ட் கிராவ்சே மேடையேறினார். மாட்டு வியாபாரிகளும் கூட்டிக்கொடுப்பவர்களும் வரும் கதைகள் நிறைந்த பழைய ஏற்பாட்டிலிருந்து சபைக்கு விடுதலை வேண்டும் என்று முழங்கினார். எதிர்ப்பு கிளம்பியது, அவர் பதவி நீக்கப்பட்டார். ஆனால் எண்ணம் நீங்கவில்லை. 1939 மே மாதம், லுத்தர் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்த அதே வார்ட்பர்க் கோட்டையில், சபை வாழ்விலிருந்து யூதச் செல்வாக்கை ஒழிப்பதற்கென்றே ஒரு ஆய்வு நிறுவனம் தொடங்கிவைக்கப்பட்டது. அவர்கள் வெளியிட்ட பாடல் புத்தகத்தில் அல்லேலூயாவும் ஓசன்னாவும் சீயோனும் நீக்கப்பட்டிருந்தன. அல்லேலூயா இல்லாத கிறிஸ்தவப் பாட்டு! எந்த அளவுக்குப் போனார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். லுத்தரே 1543-இல் யூதர்களின் ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொல்லி எழுதியிருந்தார் என்பதையும் இங்கே மறைக்கக்கூடாது.

எதிர்த்தவர்களிலும் எல்லாரும் முழுதாக எதிர்க்கவில்லை. மியூனிக் நகரின் கர்தினால் ஃபௌல்ஹாபர் 1933-இல் கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தில் பழைய ஏற்பாட்டுக்காகத் துணிந்து பிரசங்கித்தார், கூட்டம் அலைமோதியது. ஆனால் கிறிஸ்துவின் மரணத்துக்கு முந்திய இஸ்ரவேலைப் பற்றியே பேசுகிறேன், பிந்திய யூதர்களைப் பற்றியல்ல என்று கோடு போட்டுக்கொண்டார். அவர் இன்றைய யூதர்களுக்காகப் பரிந்து பேசவில்லை என்று அவருடைய செயலகம் பிறகு விளக்கமும் கொடுத்தது. புத்தகம் காப்பாற்றப்பட்டது. அதை வாசித்துக்கொண்டிருந்த மக்கள் தெருவில் தனியே விடப்பட்டார்கள்.

நாஜிகளை எதிர்த்த ஜெர்மன் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபரின் வேதாகமத்தில் 74-ஆம் சங்கீதத்தின் பக்கத்தைப் பற்றி வாசித்த நாள் முதல் அது என்னை விட்டு அகலவில்லை. தேசத்திலுள்ள தேவாலயங்களையெல்லாம் சுட்டெரித்தார்கள் என்ற எட்டாம் வசனத்துக்கு அடிக்கோடிட்டு, ஓரத்தில் 9.11.38 என்று தேதி போட்டிருக்கிறார். ஜெர்மனி முழுதும் ஜெப ஆலயங்கள் எரிந்த இரவின் தேதி. அந்தச் சங்கீதத்தை அவர் எடுத்து வேறொன்றாக்கவில்லை. யாருடைய ஜெபமோ அவர்களுடைய ஆலயங்கள் எரியும்போது, அவர்களுடைய ஜெபமாகவே அதை வாசித்தார். பின்னாளில் சிறையிலிருந்து எழுதிய கடிதம் ஒன்றில், தாம் மேன்மேலும் பழைய ஏற்பாட்டின் வழியிலேயே சிந்திப்பதாகவும், புதிய ஏற்பாட்டுக்கு அவசர அவசரமாகப் போய்விடத் துடிப்பது கிறிஸ்தவனுக்கு அழகல்ல என்றும் சொல்கிறார். 1945 ஏப்ரல் 9 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள்.

யூதர்கள்மேல் போட்ட பழி தவறு என்று கத்தோலிக்கத் திருச்சபை பொதுவில் சொல்ல இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. மனைவியையும் மகளையும் அவுஷ்விட்ஸில் பறிகொடுத்த பிரெஞ்சு யூத வரலாற்றாசிரியர் ஜூல் இசாக் 1960-இல் திருத்தந்தை 23-ஆம் யோவானைச் சந்தித்து, கிறிஸ்தவப் போதனையில் ஊறிப்போன யூத வெறுப்பைத் திருத்தும்படி கேட்டார். 1965 அக்டோபர் 28 அன்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கை, இயேசுவின் மரணத்துக்கு அன்று வாழ்ந்த எல்லா யூதர்களையும், இன்றைய யூதர்களையும் குற்றம் சாட்ட முடியாது என்றது. 1969-இல் வந்த புதிய வாசக ஒழுங்கில், பாஸ்கா (ஈஸ்டர்) காலம் நீங்கலாக, ஞாயிறு திருப்பலியின் முதல் வாசகம் பழைய ஏற்பாட்டிலிருந்து என்று ஆனது. 1980-இல் ஜெர்மனியின் ரைன்லாந்து புராட்டஸ்டண்ட் திருச்சபை, யூத அழிப்பில் கிறிஸ்தவர்களின் பங்கையும் குற்றத்தையும் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது.

இவற்றுக்கெல்லாம் தேவையான வசனம் பவுலிடமே இருந்தது என்பதுதான் வேதனை. ரோமர் 11-இல் காட்டொலிவக் கிளையாக ஒட்டவைக்கப்பட்ட, யூதரல்லாத புறஜாதியாரைப் பார்த்து அவர் சொல்கிறார்: "நீ வேரைச் சுமக்காமல், வேர் உன்னைச் சுமக்கிறதென்று நினைத்துக்கொள்." மார்சியோனும் பவுலைத்தான் தன் ஒரே அப்போஸ்தலராகக் கொண்டாடினார்.

நம் பிரசங்கங்களில் "யூதர்கள்" என்றால் இயேசுவைக் கொன்றவர்கள், "பரிசேயர்" என்றால் வேஷக்காரர்கள் என்று இன்றும் யோசிக்காமல் வந்து விழுகிறது. இன்னொரு பக்கம், இன்றைய இஸ்ரேல் அரசு செய்வதையெல்லாம் வேத நிறைவேற்றமாகக் கொண்டாடும் மேடைகளும் இருக்கின்றன. ஒரு அரசின் போர்களுக்கு ஆமென் சொல்வது யூத மறைநூலுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. எந்த அரசனையும் விடாமல் கண்டித்த தீர்க்கதரிசிகளின் நூல் அது.

நான் கேட்பது சின்ன விஷயம். பெரிய வெள்ளிக்கிழமை ஏசாயா 53 வாசிக்கப்படுகிறது, பாடுபடும் தாசனில் நாம் இயேசுவைக் காண்கிறோம், நானும் காண்கிறேன். அதே தாசன் இஸ்ரவேல் ஜனமே, நாடுகளுக்கிடையில் அடிபட்டுச் சிதறிய மக்களே என்று யூதர்கள் வாசிக்கிறார்கள். மூன்றாம் நூற்றாண்டிலேயே யூத அறிஞர் ஒருவர் இப்படி வாதிட்டதைக் கிறிஸ்தவ அறிஞர் ஒரிகேன் குறித்து வைத்திருக்கிறார், பதினொன்றாம் நூற்றாண்டில் யூத மறைநூல் விளக்கவுரையாளர் ராஷியும் இப்படியே விளக்கம் எழுதினார். பிரசங்கம் தொடங்குமுன் இரண்டு நிமிடம் எடுத்து இதைச் சபைக்குச் சொல்லலாம். அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் உட்கார்ந்து இதே பகுதியை வாசித்துவிட்டு, தீர்க்கதரிசி யாரைக் குறித்து இதைச் சொல்கிறார், தம்மைக் குறித்தோ, வேறொருவரைக் குறித்தோ என்று கேட்கிறார். பிலிப்பு அந்தக் கேள்விக்காக அவரைக் கடிந்துகொள்ளவில்லை, இரதத்தில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வாக்கியத்திலிருந்தே பேசத் தொடங்கினார். நம் ஆலயங்களிலும் அந்தக் கேள்வியைக் கேட்க இடம் கொடுங்கள்.